அக்கா கட்டிய குருவித் தட்டும் தச்சர் மேல் விழுந்த பழியும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. வழிபாட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரது வாழ்க்கையை முதலிலிருந்து வரிசையாகப் படிக்க விரும்புவார்கள். நாள் கிழமை தவறாமல் எழுதி வைக்கிறவன் என்பதால் தம்பியாகிய என்னிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அச்சகம் கேட்ட நாள் கடந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. எழுதச் செய்தி இல்லாமல் அல்ல. ஒரே ஒரு செய்தியைச் சேர்ப்பதா, விடுவதா என்று முடிவுக்கு வர முடியாமல் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இப்போது சேர்த்திருக்கிறேன்.

அக்கா அரும்பாவூரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். விடியலில் வெங்காயக் காட்டில் களை எடுத்துவிட்டு, பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்ப் படித்துப் பள்ளி இறுதி வகுப்பில் தேறினார். ஒரு வைகாசி முகூர்த்தத்தில் ஆலத்தியூருக்கு மருமகளாகப் போனார். அத்தான் இறந்தபோது மகளுக்கு நான்கு வயது. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லி அப்பா மூன்று முறை போய் அழைத்தார். அக்கா வரவில்லை. சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அந்த வேலையிலேயே மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார்.

ஓய்வுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. பணி முடிந்த மறுநாளும் காலை எட்டரைக்குச் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார் என்று மகள் சொல்வார். பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கினார், ஏற்றினார். கொல்லையைக் கொத்தினார். பிறகு ஒரு நாள் சுத்தியலும் ரம்பமும் வாங்கிக்கொண்டு வந்து, குருவிகளுக்குத் தீனித் தட்டு செய்யப் போவதாகச் சொன்னார். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டேன்.

"அத்தனை புள்ளைங்களுக்குச் சோறு போட்டவடா நான். நாலு குருவிக்குப் போட மாட்டனா?"

எதிர் வீட்டுத் தச்சர், வீடு கட்டி மிச்சமான மாம்பலகையை அளவாக அறுத்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் அக்கா செய்ததுதான். அடித்தட்டு ஒரு முழ அகலம். தானியம் சிந்தாமல் இருக்க நாலு பக்கமும் விரலளவு விளிம்பு, மழைத்தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள், மூலைக்கொரு கால், மேலே சரிவுக் கூரை. முதல் கூரை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தச்சர் அதைப் பார்த்து, குருவிங்க வழுக்கி வெளயாடும்மா என்று சிரித்தாராம். அக்கா பிரித்து மறுபடி அடித்தார். மரம் வெடிக்காமலிருக்கத் தச்சர் எண்ணெய் தடவிக் கொடுத்தார். கொய்யாமரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, எறும்பு இறங்காதபடி கம்பியின் நடுவில் தண்ணீர் நிற்கும் கொட்டாங்குச்சி ஒன்றையும் பொருத்தினார். குருவிகள் வருவதற்கு ஒன்பது நாள் ஆயின. அந்த ஒன்பது நாளும் அக்கா எனக்குப் போன் செய்தார். வந்த பிறகு, முந்தித் தின்னும் ஒரு மைனாவை "வரிசையில வாடா" என்று அதட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. கடைக்குப் போக முடியவில்லை, குருவிகளுக்குப் போடும் குருணை தீர்ந்துவிட்டது என்றார். என்னிடம் விதைத்தது போக மீந்த மக்காச்சோளம் ஒரு பையில் இருந்தது. பூச்சி மருந்து கலந்து சிவப்பாக வரும் விதை என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வீணாகப் போகிறதே என்று மூன்று தண்ணீரில் அலசினேன். சிவப்பு போய்விட்டது. வெயில் தலைகாட்டிய ஒரு பகலில் காயவைத்து, உரலில் இடித்துக் குருணையாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விதை என்று அக்காவிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"தம்பி, கொய்யா மரத்தடில மூணு கெடக்குடா. ரெண்டு குருவி, அந்த மைனா."

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனேன். டப்பாவில் மீந்திருந்த குருணையைப் பூஞ்சை பிடித்திருக்கும் என்று சொல்லிப் பையில் கொட்டிக்கொண்டேன். அதற்குள் அக்கா தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போய்விட்டார். பின்னால் ஓடினேன்.

"ஆசாரியாரே, பலகையில கரையான் மருந்து தடவுனீங்களா?"

"தேங்கா எண்ணெதாம்மா. புள்ளைங்க மேல சத்தியம்."

"அப்ப மூணும் எப்படிச் செத்துச்சு?"

 பதில் என் கையிலிருந்த பையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் குழி தோண்டி அதைப் புதைத்தேன். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் மழை என்று மட்டுமே எழுதியிருக்கிறது.

அக்கா தட்டை ஆணி ஆணியாகப் பிரித்து, அரப்புப் போட்டுத் தேய்த்து, மறுபடி பூட்டினார். ஆனால் அதில் தானியம் போடவே இல்லை. குருவிகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. தச்சருடன் பேச்சு நின்றது. அக்காவை மதித்த தெருக்காரர்கள் சிலரும் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா மருத்துவமனையில் கிடந்த பதினோரு நாளும் நான் உடனிருந்தேன். ஒரு மதியம் கண்ணைத் திறந்து சொன்னார்.

"ஆசாரியாரு பொய் சொல்ற ஆளு இல்லடா. எங்கயோ நான் தப்பு பண்ணிட்டேன்."

தூங்குக்கா என்றேன். அதிலிருந்து நான்காம் நாள் போய்விட்டார். இறுதி ஊர்வலம் புறப்படும்போது தச்சர் தன் வாசற்படியில் நின்றார். தெருவில் இறங்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கொய்யாமரத்தடியில் நின்றுவிட்டு வந்தார். பிறகு, "எழுதிடுங்க மாமா. எல்லாரும் படிக்கட்டும்" என்றார். அங்கிருந்து எழுந்து எதிர் வீட்டுக்குப் போனேன். தச்சர் பலகையில் இழைப்புளி ஓட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத அந்தம்மா இருக்கறப்ப சொல்லியிருக்கணும் சார்."

அவ்வளவுதான் சொன்னார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

அக்காவை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டு இளைஞர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், பள்ளிப் பணியாளர்களுக்கும், இறுதிச் சடங்கில் துணை நின்ற அரும்பாவூர், ஆலத்தியூர் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவுக்காகத் தச்சரிடம் முகம் கொடுக்காமல் இருந்தவர்கள் இனி பேச வேண்டும், அவருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்று உயிரும் போனது என்னால்தான்.

வழிபாட்டுக்கு வரச் சொல்லி அக்காவின் மகள் தச்சரை நேரில் அழைத்திருக்கிறார். அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் பந்தியில் முதல் இலை அவருக்கு. பரிமாறுவது நான்.