பெட்ரோலில் துடைத்த பொம்மைக் கார்கள்

நான் ராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டியவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

ஓட்டிய கார்களைப் போலவே உள்ளங்கை அளவில் உலோகப் பொம்மை கிடைத்தால் வாங்கி வைப்பேன். அம்பாசடர், சோழபுரத்து மணப்பெண்ணை ஏற்றிப்போன கறுப்பு பியட் என்று பதினொன்று சேர்ந்திருந்தன.

தொண்ணூறுகளில் ஓர் ஆயுத பூஜை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியிருந்தோம். என்ஜின் அழுக்கைப் பெட்ரோலில் துடைக்கிற பழக்கத்தில் பொம்மைகளையும் அப்படியே துடைத்துப் பூஜைக்கு வைத்தேன். நனைந்த துணியைச் சாமிப் பலகைக்கு அடியிலேயே போட்டுவிட்டேன்.

"என்ன இம்புட்டு நாறுது?" என்றாள் என் மனைவி செல்லம்மா.

"வண்டின்னா பெட்ரோல் வாடை வரத்தான் செய்யும். நீ சூடத்தைக் காட்டு ஏட்டி."

தட்டிலிருந்து சூடம் உருண்டு விழுந்தது. துணி குப்பென்று பற்றி, தீ அவள் சேலைக்குத் தாவியது. சாக்கைப் போட்டு எப்படி அமுக்கினேன் என்றே நினைவில்லை. "ஏட்டி, கண்ணத் தொற, பேசு ஏட்டி" என்று கதறியதுதான் நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். அத்தனை வருஷம் ஓட்டிய கைக்கு அன்று கியர் விழவில்லை. பின் சீட்டில் முனகல் நிற்கும்போதெல்லாம் என் உயிரும் நின்றது.

மூன்றாம் நாள்தான் கண் திறந்தாள். "அம்பாசடர் கருகிருச்சோ?" என்று கேட்டாள்.

இப்போது உலர்ந்த துணியால்தான் துடைக்கிறேன். பூஜைக்குச் சூடம் கிடையாது, பூ மட்டும். அதுவும் அவள் ஒவ்வொரு காரையும் மோந்து பார்த்து, "வாடையில்ல, வையுங்க" என்று சொன்ன பிறகுதான்.