சிறுத்தைக்குக் காற்றுப் பார்த்த மூன்று நாள்

யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து மண்கும்பானில் நான் பார்த்துக்கொள்ளும் வீட்டின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை அவரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். அதன் பிறகு அவர் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனார், நான் அப்பாவின் வள்ளத்துக்குப் போனேன். இப்போது அவர் என்னை "டேய்" என்பார். நான் அவரை "நீங்கள்" என்பேன். அப்படிக் கூப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. அவர் முதன்முதல் வெளிநாட்டிலிருந்து வந்து வான் வண்டியை விட்டு இறங்கியபோது என் வாயில் தானாக வந்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

தோள்மூட்டு விலகியதிலிருந்து நான் கடலுக்குப் போவதில்லை. நானும் மனைவியும் அந்த வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வந்து நிற்கும் ஒரு மாதத்துக்காகப் பதினொரு மாதம் வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருப்போம்.

அவருக்கு ஒரே ஆசை, மலையில் சிறுத்தையைப் படம் எடுப்பது. "ஜீப்புக்குப் பழகின சிறுத்தை வீட்டுப் பூனை மாதிரி. மலையில ஒளிச்சுத் திரியுறதுதான் சிறுத்தை" என்பார். இரண்டு வருடம் மத்திய மலைகளில் ஏறி இறங்கினார். கொண்டுவந்து எங்களுக்குக் காட்டிய படங்களில் சேற்றில் பதிந்த நாலு விரல் தடம் மட்டும்தான் இருந்தது.

மூன்றாவது வருடம் அவர் வந்தது தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் காலம். வந்த மறுநாள் காலை கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றவர், முற்றத்தில் கட்டியிருந்த மறியாட்டை, இன்னும் ஈனாத பெட்டையைப் பார்த்தார்.

"இது ஆரின்ர ஆடு?"

"மனுசியின்ர."

"கத்துமோ?"

"நான் பக்கத்தில இல்லாட்டிக் கத்தும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். தாய் செத்த குட்டி அது. மனைவி போத்தலில் பால் பருக்கி வளர்த்தாள். ஆனால் குழை ஒடித்துப் போடுகிறவன் நான் என்பதால் என் பின்னால்தான் திரியும்.

"அப்ப இதை மலைக்குக் கொண்டுபோவம்" என்றார்.

ஆட்டைக் கட்டிச் சிறுத்தையைக் கூப்பிடுவது சட்டப்படி குற்றம். மலையடியில் ஆடு வாங்கினால் ஊர்ச்சனம் ஏன் என்று கேட்கும், அதிகாரிகளுக்குச் செய்தி போகும். இங்கிருந்து வானில் ஏற்றிப் போனால் ஒருவருக்கும் தெரியாது. இதையெல்லாம் அவர் முன்னமே யோசித்து வைத்திருந்தார்.

"பயப்பிடாதை. இது கத்தும், அது வரும். தலை தெரிஞ்ச உடன நான் ரெண்டு படம் எடுப்பன். நீ ரோச் லைற் அடிச்சுக் கூக்காட்டு. அது ஓடிப்போயிடும். சிறுத்தை சரியான கோழையடா."

குசினி அடுப்படியில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏலாது எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள். "சொல்லுறதுக்கு என்ன? அது என்ர ஆடு, தரமாட்டாளாம் எண்டு சொல்லுங்கோ."

நான் விறாந்தைக்குப் போனேன். அவர் கதிரையில் இருந்து கமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னடா?" என்று நிமிர்ந்தார்.

"எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். ஒரு சாக்கு நிறையப் பூவரசங்குழை ஒடித்துக் கட்டினாள். வானில் ஏற்றும்போது, "உயிரோட கொண்டுவாங்கோ" என்றாள்.

மணலில் வளர்ந்த ஆட்டுக்குக் குளம்பு தேயாது, நீண்டிருக்கும். மலையடியில் இறங்கியதும் கத்தியால் குளம்பைச் சீவிவிட்டேன். அப்படியும் பாறையில் கால் வைத்தால் வழுக்கியது. நிலம் எழும்பி நிற்கிற இடத்தை அது பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏறினேன்.

"தம்பி, இஞ்ச பார்" என்று அவர் வழிகாட்டியைக் கூப்பிட்டுச் சிரித்தார். "நாலு கால் ஆட்டுக்கோ இவனுக்கோ?"

வழிகாட்டி அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த ஆள். சிறுத்தையின் தடம் பார்க்கத் தெரியும். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த சாக்கை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஆட்டைப் பார்த்து, "இத எதுக்குண்ணே இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

நாலு மணித்தியாலம் ஏறினோம். ஆட்டின் கால்களில் அட்டை ஏறி இரத்தம் வழிந்தது. கைவிட்ட தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, தொழிலாளர் இருந்த லயத்தில் கூரை மிஞ்சிய ஒரேயொரு அறையில் தங்கினோம். அங்கிருந்து கால் மணித்தியாலம் நடந்தால் ஒரு தட்டைப் பாறை. அதற்கு இடப்பக்கம் ஒரு பள்ளம், வலப்பக்கம் ஒரு பள்ளம், இரண்டும் கீழே காட்டுக்குள் இறங்கின. இடப்பக்கப் பள்ளத்தில் வழிகாட்டி தடம் காட்டினார்.

"பகல்ல கீழ அந்தக் கல்லுக்குள்ள படுத்துக்கும். வெயில் எறங்கினதும் இந்தப் பள்ளத்து வழியாத்தான் மேல ஏறும்."

"காத்து எப்பிடியடா?" என்று வீட்டுச் சொந்தக்காரர் என்னைக் கேட்டார். என்னைக் கூட்டிவந்தது சமைக்கவும் சுமக்கவும் மட்டுமல்ல. கடற்காரனுக்குக் காற்றுத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் மணம் பட்டால் சிறுத்தை வராது.

நான் முகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். காற்று தென்மேற்கிலிருந்து, பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்தது. "சோளகம்" என்றேன். எங்கள் கடலில் சோளகம் எழும்பினால் ஆவணி முடியும்வரை திரும்பாது. பகலும் இரவும் ஒரே முகம். அதை நம்பித்தான் நாங்கள் பாய் இழுத்தோம். "ஆட்டைப் பாறையில கட்டுவம், நாங்கள் அதுக்கு மேல இருப்பம். காத்து எங்கட பக்கம்தான் வரும்" என்றேன். வழிகாட்டி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நாங்கள் ஒளிந்திருக்க மறைப்புக் கட்டக் கொப்பு வெட்டப் போனார்.

முதல்நாள் பின்னேரம் வெயில் மலைமுதுகுக்குப் பின்னால் போனதும் காற்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் என் பிடரியில் குளிர்ந்தது. சோளகத்தில் திரும்பி வீசுகிற காற்றை நான் அன்றுதான் கண்டேன். எங்கள் மணம் கீழே இறங்கி ஆட்டிடம் போனது. அது மூக்கைத் தூக்கி மறைப்புப் பக்கம் பார்த்தது. நான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. படுத்து அசைபோடத் தொடங்கியது. ஒருமுறைகூடக் கத்தவில்லை. பள்ளத்துக்குள் மரம் அரிவது போலச் சிறுத்தையின் உறுமல் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

காலையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது வழிகாட்டி என்னைக் கூட்டிப்போய்த் தடத்தைக் காட்டினார். சிறுத்தை பாதித் தூரம் ஏறி வந்து திரும்பிப் போயிருந்தது.

"அண்ணே, இது உங்க கடல் காத்து இல்ல. வெயில் இருக்கிற வரைக்கும் ஏறும், வெயில் போனா எறங்கும்."

"அப்ப ஏன் நேற்றுச் சொல்லேல்லை?"

"என்னத்துக்குச் சொல்ல? அவரு சிறுத்தைய வெரட்ட மாட்டாரு. நான் முன்ன வேற ஆளுங்களோட வந்திருக்கேன், எனக்குத் தெரியும். நீங்க தெரியாத மாதிரியே இருங்க. இன்னும் ரெண்டு நாளு ஒக்காந்துட்டு எறங்கிருவாரு. ஆடு ஊருக்குப் போயிரும்."

நான் தலையாட்டினேன். இரண்டாம் நாள் பின்னேரம் அவர் காற்றைக் கேட்டபோது "நேற்று மாதிரித்தான், சரி" என்றேன். அதே இடத்தில் இருந்தோம். ஆடு படுத்து அசைபோட்டது. வாழ்க்கையில் அவருக்கு நான் சொன்ன முதல் பொய் அது. பொய் சொல்வது இவ்வளவு சுகமா என்று இருந்தது.

மூன்றாம் நாள்தான் கடைசி நாள். மத்தியானம் பாணும் சம்பலும் வைத்தேன். அவர் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"டேய், நீ கடலுக்குப் போனனீ எண்டதே பொய்யோ? எழுத்தும் தெரியாது, காத்தும் தெரியாது. பிறகென்ன மயிருக்கு உன்னைக் கூட்டிவந்தனான்?"

நான் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். ஏச்சு எனக்குப் பழக்கம். அவர் வழிகாட்டியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவன்ர அப்பரும் இப்பிடித்தான். மற்ற வள்ளமெல்லாம் கரைக்குத் திரும்பிப் போட்டுது. வா வா எண்டு கூப்பிட்டிருக்கினம். தன்ர காத்துத்தான் சரி, மாறாது எண்டு நிண்ட மனுசன். தானும் போய், கூட வந்த மச்சானையும் கொண்டுபோனது. வலை மட்டும்தான் கரை ஒதுங்கினது. பரம்பரையடா இது!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். இதை ஊரில் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே கேட்டது அதுதான் முதல் தடவை.

"வலப்பக்கம் இருக்கவேணும்" என்றேன்.

"என்ன?"

"இரண்டு நாளும் பிழையான இடத்தில இருந்தனாங்கள். பொழுதுபட காத்துக் கீழ இறங்கும். பாறைக்கு வலப்பக்கம், கொஞ்சம் கீழ, அந்தப் பாறை முதுகுக்கு அங்கால இருந்தால் எங்கட மணம் வலப்பக்கப் பள்ளத்தில இறங்கிப்போகும். சிறுத்தை இடப்பக்கத்தால ஏறும். அதுக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது. ஆடு கத்தும்."

இவ்வளவு நீளமாக நான் அவரோடு பேசியதில்லை. அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டுக்கொண்டேன், காற்றைப் பார்க்க. வழிகாட்டி "அண்ணே" என்றார். பிறகு எழும்பி வெளியே போனார். அன்று பின்னேரம் அவர் எங்களோடு வரவில்லை.

ஆட்டை நானே கட்டினேன். பாறையில் இருந்த மொட்டை வேரில், வள்ளம் கட்டுகிற முடிச்சுப் போட்டேன். நான் நடக்க அதுவும் கயிறு முடியும் வரை பின்னால் வந்தது. கல்லெடுத்து எறிந்தேன். நான் பாறை முதுகைத் தாண்டி மறைந்ததும் அது கத்தத் தொடங்கியது. குழை கொண்டுவரப் பிந்தினால் முற்றத்தில் நின்று கத்துமே, அதே கத்தல். அவர் பாறை முதுகுக்கு மேலால் கமராவை நீட்டி வைத்துக்கொண்டு என் தொடையைத் தட்டினார். நான் விரலிடுக்கால் சாம்பலை விட்டேன். வெயில் போனதும் அது நான் சொன்ன பக்கம், வலப்பக்கமாகச் சரிந்து இறங்கியது.

சிறுத்தை வந்ததை நான் காணவில்லை. பாறை விளிம்பில் ஒன்றும் இல்லை, பிறகு அது நின்றது. நினைத்ததை விடச் சின்னது. எங்களிடமிருந்து முப்பது அடி இருக்கும். நாங்கள் இருப்பது அதற்குத் தெரியவில்லை. ஆடு எங்கள் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது, பின்னால் நிற்பதை அது காணவில்லை. கமரா இரண்டு தடவை சத்தம் போட்டது, பிறகு விடாமல் சத்தம் போட்டது. ரோச் என் கையில் இருந்தது. அவர் "அடி" என்று சொல்லவில்லை. என் கையை அவர் பிடிக்கவும் இல்லை. பயத்தில் கை வரவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த நேரம் என் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: என் காற்றுச் சரி.

கத்தல் பாதியில் நின்றது.

அதன் பிறகுதான் ரோச் அடித்தேன். கூக்காட்டினேன். சிறுத்தை வெளிச்சத்தைப் பார்த்தது, போகவில்லை. ஆட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்தது. கயிறு இறுகியது. இன்னும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. முடிச்சு விடவில்லை. அதனால் அங்கேயே இருந்து தின்றது. இருட்டிக் கண் தெரியாமல் போகும்வரை அவர் படம் எடுத்தார்.

"டேய்! உன்ர காத்து!" என்று என் விலகிய தோளில் ஓங்கி அறைந்தார். வலித்தது. நான் சிரித்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தபோது வழிகாட்டி இல்லை. எங்களை விட்டுவிட்டுத் தனியாக இறங்கிப் போயிருந்தார். மூட்டை எல்லாவற்றையும் நான்தான் சுமந்தேன்.

வான் வீட்டு வாசலில் நின்றபோது மனைவி அதன் பின்கதவைத்தான் முதலில் பார்த்தாள். நான் வாய் திறக்க முதல் அவர் கமராவை அவளிடம் நீட்டிவிட்டார்.

"தங்கச்சி, இதைப் பார். இப்பிடியொரு படம் ஒருத்தரும் எடுத்திருக்க மாட்டினம். ஆட்டைக் காப்பாத்த ஏலாமல் போச்சு. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள நடந்திட்டுது. ஆனால் உன்ர மனுசன் கெட்டிக்காரன்! ரெண்டு நாள் ஒண்டும் தெரியாத மாதிரி இருந்தவன், மூண்டாம் நாள் சாம்பலெல்லாம் கொட்டிப் பாத்து இடம் சொன்னவன். அவன் சொல்லாட்டி இந்தப் படம் இல்லை."

மனைவி நெடுநேரம் பார்த்தாள். படத்தில் சிறுத்தை முன்னால் துலக்கமாக இருந்தது. பின்னால் கலங்கலாக ஆடு, வாய் திறந்தபடி.

"வடிவா இருக்கு" என்று சொல்லிக் கமராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் குசினிக்குள் போனபோது அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"ரோச் கையில இருந்ததெல்லே?"

"இருந்தது."

"ரெண்டாம் நாளும் காத்துத் தெரியாதோ?"

"தெரியும்."

"அப்ப மூண்டாம் நாள் ஏன் சொன்னனீங்கள்?"

அப்பாவைப் பற்றி அவர் சொன்னதைச் சொன்னேன். வழிகாட்டிக்கு முன்னால் சிரித்ததையும் சொன்னேன். அவள் கை நின்றது. அவர்மேல் கோபப்படப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்களைக் கலியாணம் கட்டேக்க என்ர வீட்டிலயும் அதைத்தான் சொன்னவை" என்றாள். "தாங்கள் சொன்னது சரி எண்டு காட்டுறதுக்குப் பக்கத்தில நிக்கிற உயிரையும் குடுக்கிற ஆக்கள் எண்டு. நான் நம்பேல்லை."

பிறகு தேங்காயின் மற்றப் பாதியை எடுத்துத் திருவத் தொடங்கினாள்.