டிரைவர் டீ

அப்பா பண்ணைக்காட்டு மலைப்பாதையில் ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். போன வருடம் அவருக்குச் சர்க்கரை நோய் இதோ வருகிறேன் என்று வாசலில் வந்து நின்றது. "மூணு மாசம் பார்ப்போம். சாப்பாட்டைச் சரி பண்ணுங்க, நல்லா நடங்க. இறங்கலைன்னா மாத்திரை ஆரம்பிச்சிரலாம்" என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அப்பா மாத்திரைக்குப் பயப்படவில்லை. கண்ணுக்குத்தான் பயந்தார். சர்க்கரை முற்றினால் கண்ணில் கை வைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பனி இறங்கிய வளைவில் எதிரே வரும் பஸ் ஒரு நொடி தெரியாமல் போனாலும் போதும், அவ்வளவுதான்.

நான் அப்போதுதான் மதுரையில் உணவியல் படித்து முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தேன். விடுவேனா? மூன்று வேளைச் சோறு ஒரு வேளையானது. காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்குச் சாமை உப்புமா, தட்டில் பாதிக்கு மேல் காய். அடுப்படிச் சுவரில் அட்டவணை ஒட்டினேன். "உங்கப்பாவுக்குச் சோறு போடுறியா, பரீட்சை வைக்கிறியா?" என்றாள் அம்மா. அப்பா வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தன டீப்பா குடிக்கிறீங்க?"

"ரெண்டுதான் பாப்பா. வெள்ளனே ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. எங்கே தப்பு என்று நானே பார்த்தாக வேண்டும். மறுநாள் ஜீப்பின் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முதல் நிறுத்தத்தில் ஆட்கள் டீக்கடைக்கு இறங்கினார்கள். கேட்காமலே அப்பாவின் கைக்கு ஒரு கிளாஸ் வந்தது. கெட்டிப்பால், சீனி தூக்கல், கூடவே தாளில் சுற்றிய பஜ்ஜி. அடுத்த கடையிலும் அப்படியே. கடை வாசலில் வண்டியை நிறுத்துகிற டிரைவருக்கு டீ சும்மா, மலைப்பாதை முழுக்க அதுதான் வழக்கம். மத்தியானத்துக்குள் ஐந்து ஆகிவிட்டது. அப்பா சொன்ன இரண்டில் இவை ஒன்றுகூட இல்லை. வீட்டில் குடிப்பதுதான் அவருக்கு டீ. இவையெல்லாம் மரியாதை. அத்தனை நேரமும் அவர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. இளவயதில் காப்பி மூட்டையைத் தலையில் வைத்து இதே சரிவில் ஏறியவர். அந்தக் காலத்தில் எத்தனை டீ குடித்திருந்தாலும் உடம்பு கரைத்திருக்கும்.

ஆறாவது கிளாஸை நான்தான் தடுத்தேன். "வேண்டாம் சித்தப்பா, அப்பாவுக்குச் சுகர் வரப் பாக்குது" என்று கடைக்காரரிடம் சொன்னேன். என் குரல் எப்போதுமே கொஞ்சம் பெரியது.

பின்சீட்டில் இருந்த பெரியம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏப்பா, சுகர்னா கண்ணு மங்குமாமே. ரோடு தெரியுதா ஒனக்கு?"

"தெரியலைன்னா இப்பவே சொல்லிரு" என்றார் பக்கத்தில் இருந்தவர். "இங்கனயே எறங்கி நடந்துருதேன். வீட்ல கறவ மாடு கெடக்கு, நான் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீடு வரும்வரை என்னிடம் பேசவில்லை.

மறுநாள் ஸ்டாண்டில், அவருக்குப் பின்னால் நின்ற ஜீப் முதலில் நிரம்பிக் கிளம்பியது. தற்செயலாகக்கூட இருக்கலாம். "நீ சொன்னது நெசம்தான் பாப்பா" என்றார் அப்பா, ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே. "ஆனா என்னைய நம்பி ஏறுறாங்க பாரு, அதான் என் சோலியே. அதுல கை வச்சுட்ட." தப்புதான்ப்பா என்றேன். அதன்பிறகு ஜீப்பில் ஏறவில்லை, டீயைப் பற்றிக் கேட்கவுமில்லை. எனக்கு அது பெரிய விரதம்.

வழியை அவரே கண்டுபிடித்தார். அம்மா சொல்லித்தான் தெரியும். வண்டி நின்றதும், கிளாஸ் வருவதற்குள் இறங்கி, ஆள் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி அடுத்த வளைவு வரை வெரசாக நடந்துவிட்டு வருவாராம். திரும்பும்போது டீ ஆறியிருக்கும், வண்டி நிறைந்திருக்கும். "நேரமாச்சு தம்பி" என்று கிளம்பிவிடலாம். எந்தக் கடைக்காரரின் முகமும் கோணவில்லை.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். சர்க்கரை இறங்கியிருந்தது. நான் கனவு கண்ட அளவுக்கு இல்லை. ஆனாலும் மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. விட்டால் ஏறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கண்ணையும் பரிசோதித்தார்கள். பழுதில்லை.

திரும்பும் வழியில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, அன்றைக்கு நான் ஆறாவது கிளாஸைத் தடுத்த அதே கடையில் நின்றோம். கிளாஸ் வந்தது. அப்பா இறங்கி நடக்கவில்லை.

"இனிமே எனக்கு டீ வேண்டாம் தம்பி" என்றார், பின்சீட்டுக்கும் கேட்கும்படி. "சுகர் வரப் பாத்துச்சு. இப்பத்தான் எறக்கிட்டு வாரேன். கண்ணையும் காமிச்சாச்சு, நல்லாருக்கு. வண்டி ஒன் கடையிலதான் நிக்கும், அதுக்கு நீ வெசனப்படாத."

கடைக்காரர் நீட்டிய கிளாஸைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு ஜன்னலோரம் குனிந்து, "எனக்கும் ராத்திரியில ஒண்ணுக்குப் போக நாலஞ்சு தடவ எந்திரிக்க வேண்டியிருக்குண்ணே" என்றார். "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போனா பாப்பாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கடைக்காரர் பக்கமாகச் சாய்ந்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "வெறும் வயித்துல, வெள்ளனே போங்க சித்தப்பா" என்றேன்.