ஏழு மணி ஊசி

சிதம்பரத்தில் நான் மாடியில் குடியிருந்தபோது, கீழ் வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒல்லி உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு பேனா. அவருடைய பூனைக்குச் சர்க்கரை வியாதி. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் அது மீனைத் தின்று முடித்ததும் இரண்டு யூனிட் இன்சுலின் போடுவார். “ரைட்” என்று அதை இறக்கிவிட்டு, போட்ட நேரத்தைப் பழைய டிக்கெட்டின் பின்புறம் குறித்துவைப்பார். எனக்கும் எதையும் தேதியோடு எழுதிவைக்கிற பழக்கம் உண்டு. அதனால் அவரைப் பிடிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருந்தை இழுத்தார். மடியிலிருந்த பூனை அவர் கையைத் தட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவர் உடனே சிரிஞ்சைக் கீழே வைத்தார்.

“புடிச்சுப் போட்டுட வேண்டியதுதானே சார்?”

“அந்த மூடியப் பாருங்க சார்.”

சிரிஞ்சின் மூடி சிவப்பு. அவரிடம் இருந்தது நூறு அளவு மருந்து, அதாவது ஒரு மில்லியில் நூறு யூனிட். சிவப்பு மூடி என்றால் நாற்பது அளவு மருந்துக்கான சிரிஞ்ச்; கடையில் மாற்றித் தந்திருந்தார்கள். அதில் இரண்டு கோடு இழுத்தால் ஐந்து யூனிட் ஏறிவிடும். பூனை செத்தே போயிருக்கலாம்.

“எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?”

“என் வீட்டுக்காரிக்கும் நான்தான் ஊசி போடுவேன். ஒருநாள் இதேமாதிரி இந்தப் பூனை கையத் தட்டிட்டுக் கட்டிலுக்கு அடியில போச்சு. சனியனேன்னு திட்டிட்டு அவளுக்குப் போட்டுட்டேன். விடிஞ்சும் அவ எழுந்திரிக்கல. அப்பறந்தான் மூடியப் பாத்தேன், இதே சிவப்பு. அது அன்னிக்கே பாத்துட்டுத்தான் தட்டிவிட்டிருக்கு.”

பீரோவிலிருந்து சரியான சிரிஞ்சை எடுத்து மறுபடி மருந்தை இழுத்தார். கூப்பிடாமலே பூனை வெளியே வந்து மடியில் படுத்தது.

பூனைகளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது என்று படித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.