ஏலத்துக்குப் போன கிராபிக்ஸ் கார்டு

சித்தூரில் கட்டப்போகும் வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவது ஜெமிமாவின் தொழில். வீட்டில் சோறு வேகிறதே அந்தப் படங்களால்தான். அவள் கணவன் சாம்ராஜ் வெறுங்கையால் முழம் போடுகிறவன். சாயங்காலமானால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான்.

திருப்பதி ஓட்டல்காரர் ஒருவர் பெரிய வேலை தந்திருந்தார். பழைய கிராபிக்ஸ் கார்டில் அந்த ஓட்டலின் படம் பாதியிலேயே நின்றுபோனது. மெமரி அதிகமுள்ள கார்டாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி, தன் சேமிப்பைக் கொடுத்து அவனைத் திருப்பதிக்கு அனுப்பினாள். குரங்கு கையில் பூமாலை. மெமரியைத் திரும்பியும் பார்க்காமல், விளையாட்டுக்கென்றே செய்த, கலர் கலராக விளக்கு எரிகிற கார்டை அவன் தூக்கி வந்தான்.

பெட்டியைப் பிரிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று பில்லிலேயே இருந்தது. மாற்றிவரச் சொன்னாள்.

"ஆம்பள வாங்கினு வந்தத திருப்பிக் குடுத்தா கடக்காரன் சிரிப்பான்" என்றான். பெண்டாட்டி காசில் வாங்கியபோது வராத வெட்கம் இதற்கு வந்தது.

புதுப் பொருளை ஜெபிக்காமல் பிரிக்கிற வழக்கம் அவர்கள் சபையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைத்தான். அன்று அறுப்பின் பண்டிகை; பீடத்தடியில் வைப்பதெல்லாம் காணிக்கையாகி, ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகும். மாதக்கணக்கில் கோயில் பக்கம் தலைகாட்டாத மகானுக்கு அது தெரியவில்லை. சுற்றிலும் வெதுருகுப்பத்துக் கரும்பும் பூசணிக்காயும் குவிந்திருந்தும் மண்டையில் உறைக்கவில்லை. ஆயர் "தம்பி சாம்ராஜின் காணிக்கை" என்று பெட்டியைத் தூக்கிக் காட்ட, சபை கைதட்டியது. திருதிருவென்று விழித்தவன், கைதட்டலில் குளிர்ந்து எழுந்து கும்பிட்டான். அத்தோடு கார்டு போனது. படைத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. தானே ஏலம் கேட்டால் மானம் போய்விடும்.

ஏலம் போட்ட இன்பசேகரன் பெட்டியை எடுத்தபோது, மிக்சியா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பூசணிக்காய்க்கு இருந்த போட்டிகூட இல்லை. சாம்ராஜ் மனைவியைக் கெஞ்சலாகப் பார்த்தான். கொஞ்ச நேரம் வேர்க்கட்டும் என்று விட்டு, பிறகு ஜெமிமா கை தூக்கினாள். இரண்டு கோழி விலையில் முடிந்தது. புருஷனுக்கு மேல் பெண்டாட்டியும் கொடுக்கிறாள் என்று சபை மறுபடி கைதட்டியது.

வெளியே வந்ததும் அவன் கை நீட்டினான். "நம்ம கார்டு தப்பிச்சிட்ச்சி. குடு, மாட்டிப் பாக்கலாம்."

"உங்க கார்டு கர்த்தருக்குப் போய்ட்ச்சி. இது நான் ஏலத்துல எடுத்தது" என்றாள் ஜெமிமா.

மறுநாள் பிரிக்காத பெட்டியோடும் பில்லோடும் அவளே திருப்பதி பஸ் ஏறினாள்.