உயிரோடு இருப்பவருக்கு ஒரு ஒப்பாரி

ஹரிராம் அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சரியாகச் சொன்னால், இறக்கினார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருடம், பசுமலைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு, ரசம் வைப்பது எப்படி என்று சினிமா மெட்டில் பாடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மாமா எழுந்து போய், "தம்பி, பந்தி ஆரம்பிச்சாச்சு, போயிச் சாப்பிடுங்க" என்றார். ஒரு மனுஷனை அதைவிட நாகரிகமாக விரட்ட முடியாது.

நான் அவர் பாடிய இசைக்குழுவில் ரிதம் பேட் வாசிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் பேர் தங்கப்பாண்டி, சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அண்ணன் மதுரை டவுனிலேயே பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரக்காரர். அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டவர். மகனுக்குச் சாயத்தொட்டி பிடிக்கவில்லை, டிவிப் பெட்டி பிடித்துவிட்டது. ஒருநாள் ஆர்மோனியத்தோடு அதற்குள் போய் உட்கார வேண்டும், தமிழ்நாடே பார்த்துச் சிரிக்க வேண்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, இது ஒன்றுதான் இந்த மனுஷனுக்குக் கெட்ட பழக்கம் என்று அவர் மனைவி ஹம்சவேணி மதினி சொல்வார். ஆனையூரில் ஒரு வாடகை வீட்டில் தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை ஓட்டியவர் மதினிதான்.

அண்ணன் பாட்டில் சிரிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கேட்டவன் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் அது அவனுக்குப் புரியும். மேடையில் அம்புட்டு நேரம் யாரும் பொறுக்க மாட்டார்கள். எனக்கே சில நாள் எரிச்சலாக வரும். இருந்தாலும் அவரை விட்டுப் போக மனசு வரவில்லை. கூட்டம் கூச்சல் போடும்போதும் அவர் கை ஆர்மோனியத்தில் சுதி பிசகாது, அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருடம் கழித்து, செக்கானூரணி தாண்டி ஒரு ஊரில் முத்தாலம்மன் பொங்கல். பொழுது சாய்ந்து லைட் போட்ட நேரம். அண்ணன் இரண்டாவது பாட்டுக்குப் போவதற்குள் "ஆட்டத்தப் போடுங்கடா" என்று விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முன்வரிசையில் அந்த ஊர்ப் பெரிய மனிதர் மொக்கைச்சாமி, கழுத்தைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இறங்கப் போன அண்ணன் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆர்மோனியத்தை இழுத்து, பெண்குரலில் எடுத்துவிட்டார்.

"சேரு போட்டு உக்காந்தீக மொக்கைச்சாமி ராசாவே, இப்பச்
செவனேன்னு சாஞ்சீகளே!
மைக்குசெட்டு கத்துனாலும் மொக்கைச்சாமி ராசாவே, நீங்க
மசியாமப் போனீகளே!"

பேடின் மேல் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் ஒப்பாரி என்பது சாவு விழுந்த வீட்டில் பெண்கள் பாடுவது. உயிரோடு இருக்கிறவர் பேரை வைத்து அதைப் பாடினவன் கை காலோடு ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. அண்ணன் டவுன்காரர், வீட்டில் வேறு பாஷை பேசுகிறவர். ஒப்பாரி அவருக்கு ஒரு மெட்டு, அவ்வளவுதான். விசிலடித்தவர்கள் திரும்பிப் பெரியவரைப் பார்த்தார்கள். மொக்கைச்சாமி திடுக்கிட்டு விழித்தார்.

"யாருடா செத்தது?"

"நீங்கதாண்ணே" என்றார் அண்ணன் மைக்கிலேயே.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் இருக்கேன்டா" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் ஊர் சிரித்தது. அன்று கேட்ட கைதட்டலை அண்ணன் அதுவரை வாழ்க்கையில் கேட்டதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் மொக்கைச்சாமி மேடைக்குப் பின்னால் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஆனா ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. பாடி முடிச்சதும் ஆளப் பேரு சொல்லிக் கூப்புடணும். அவன் இருக்கேன்னு பதில் சொல்லணும். சொல்லாட்டி பாடுன பாட்டு அவன் மேலயே நின்னுபோகும்."

"நல்ல முடிவுண்ணே. கைதட்டு அள்ளும்" என்றார் அண்ணன். பெரியவர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் எங்களுக்குப் பொற்காலம். திருமங்கலம், சோழவந்தான், வாடிப்பட்டி என்று கூப்பிடாத ஊர் இல்லை. மேடையில் ஒரு நாற்காலி போடுவோம். ஊர்த் தலைவரோ கடை முதலாளியோ மாலை போட்டு உட்காருவார். தன் சாவுக்கு என்ன பாடுவார்கள் என்று இருந்து கேட்டுவிட்டுப் போவதில் மனுஷனுக்கு அப்படி ஒரு ஆசை. முடிவில் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "இருக்கேன்டா" என்று பதில் வரும். அந்தப் பதில் வரும்வரை நான் பேடைவிட்டுக் கையை எடுக்க மாட்டேன். அண்ணன் அதற்காக என்னைக் கேலி செய்வார்.

இரண்டாயிரத்து நான்கில் சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் நகைச்சுவைப் போட்டிக்கு ஆள் தேடி மதுரைக்கு வந்தார்கள். அண்ணன் சாப்பாட்டை மறந்தார். நாற்காலியில் உட்கார மொக்கைச்சாமியையே காரில் கூட்டிவந்தார். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளை வேட்டி, கழுத்து நிறைய மாலை. அன்று அண்ணன் பாடினது மாதிரி அதற்கு முன் பாடியதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டார். அரங்கம் அதிர "நான் இருக்கேன்டா" என்றார் பெரியவர். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது சென்னையிலிருந்து போன் வந்தது. அண்ணன் எழுந்து நின்று பேசினார்.

"எடுத்துடுங்க சார். ஒன்னும் பிரச்சனை இல்ல சார்."

போனை வைத்ததும் என்னவென்று கேட்டேன்.

"நேரம் பத்தலயாம் மாப்ள. கடைசில மொக்கைச்சாமி அண்ணன் பேசுறத மட்டும் வெட்டிக்கிறாங்களாம்."

"வேற எத வேணும்னாலும் வெட்டச் சொல்லுங்க, அத வெட்ட வேணாம்ணே. கூப்புட்டுச் சொல்லுங்க."

"நேர்லதான் சொல்லிட்டாருல்ல? டிவில சொல்லாட்டி என்ன? நாம ஏதாச்சும் பேசி, அவங்க மொத்தத்தையும் தூக்கிட்டா?"

மதினி தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. நல்ல வார்த்தை இல்லை என்று மட்டும் தெரிந்தது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பு. மொக்கைச்சாமி வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று அவர் ஆள் அனுப்பியிருந்தார். கூடம் கொள்ளாமல் ஜனம். பெரியவர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி சோலையம்மாள். டிவியில் மாலையோடு அவரைக் கண்டதும் கூடமே ஆர்ப்பரித்தது. ஒப்பாரி ஓடியது. நான் டிவியைப் பார்க்கவில்லை, பெரியவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார், தன் பதிலைத் தானே கேட்கத் தயாராக.

சோப்பு விளம்பரம் வந்தது.

விளம்பரம் முடிந்தால் வரும் என்று காத்திருந்தார்கள். முடிந்ததும் வேறு யாரோ மேடையில் குரங்கு மாதிரி குதித்துக்கொண்டிருந்தான். பெரியவர் டிவியைப் பார்த்து, "இருக்கேன்டா" என்றார். குரல் சின்னதாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சோலையம்மாள் எழுந்து போய் டிவியை அணைத்தார்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அதுல நான் பதில் சொல்லலயேடா" என்றாராம். அந்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வயசு. டாக்டரிடம் காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஒரே காரணம்தான்.

துக்கத்துக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன், அண்ணன் கேட்கவில்லை. மாலை வாங்கிக்கொண்டு போனோம். பந்தலில் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அழுகை இருந்தது, பாட்டு இல்லை. சோலையம்மாள் அண்ணனை ஏறிட்டுப் பார்த்தார். கோபம்கூட இல்லாத குரலில் சொன்னார்.

"நீதான் எல்லாத்தையும் பாடி முடிச்சிட்டியே தம்பி. நாங்க இனி என்னத்தப் பாட?"

அண்ணனை யாராவது நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பத்து நாள் கழித்து டிவிக்காரர்கள் கூப்பிட்டார்கள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டார். அதே ஒப்பாரிதான் வேண்டுமாம், வேறு ஆளை வைத்து. மதுரையில் வேறு ஆள் எங்கே கிடைப்பான்? அண்ணனின் சொந்தச் சித்தப்பா மகனே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். போக வேண்டாம் என்று மதினி அழுதார். பதினைந்து வருடமாகக் காத்திருந்த கதவு, திறந்து கிடக்கும்போது எப்படிப் போகாமல் இருப்பது என்று அண்ணன் கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

சென்னை மேடையில் நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஹரிராம் ராசாவே" என்று ஆரம்பித்தார். தன் பேருக்குத் தானே பாடினார். ரசப் பாட்டு, கல்யாண வீடு, சாயத்தொட்டி எல்லாம் அதில் வந்தது. ஜனம் கண்ணில் நீர் வரச் சிரித்தது. கடைசியில் நான் கூப்பிட வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

"ஹரிராம் அண்ணே, இருக்கீகளா?" என்றேன் மைக்கில்.

அதே நேரம் பஸ்ஸர் அடித்தது. நடுவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அண்ணனுடைய மைக்கை நிறுத்திவிட்டார்கள். அவர் வாய் அசைந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "பதில் சொன்னீகளாண்ணே?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சொன்னேன்னுதான் நெனைக்கிறேன் மாப்ள" என்றார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது. அவர் கேட்டது அப்படியே நடந்தது. ரோட்டில் போனால் பிள்ளைகள் அடையாளம் கண்டு கைகாட்டுகிறார்கள். ஆனால் எந்த ஊர்ப் பொங்கலுக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. இப்போது உறவுக்காரர் ஒருவருடைய சேலைக்கடையில் நிற்கிறார். ஆர்மோனியம் பரணில் கிடக்கிறது.

போன மாதம் காலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி அடுப்படி வாசலில் நின்று, "ஹரிராம்" என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரை வாயால் சொன்னவரில்லை அவர். இறுதிச் சுற்று ஒளிபரப்பை வீட்டில் தனியாகப் பார்த்த நாளிலிருந்து தினமும் இப்படித்தானாம். உள் அறையிலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் மதினி அடுப்பைப் பற்ற வைத்தார்.