கண்ணாடி அண்ணனும் ஓசோன் குமிழும்

மாதிரித் தண்ணீரைக் குடுவையில் பிடித்து, ஜன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "இன்னும் ஒரு கலங்கல் இருக்கு தம்பி." சொல்லி முடிப்பதற்குள் வலது கை ஓசோன் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நோக்கிப் போய்விடுகிறது. "அண்ணே, கையை எடுங்க!" என்று நான் கத்துகிறேன். எங்களுக்குப் பொழுது இப்படித்தான் விடிகிறது.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் ஓசோன் அறையைப் பார்த்துக்கொள்பவர் அவர். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிச் சொல்லியே ஆலை முழுவதற்கும் 'கண்ணாடி அண்ணன்' ஆகிவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர். சட்டையில் ஒரு எண்ணெய்ப் பொட்டு விழுந்தாலும் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வருவார். அவர் துடைத்த துடைப்பில், எது எந்தக் குழாய் என்று காட்டும் வண்ணப் பட்டைகள்கூட வெளுத்துவிட்டன. "டீயைக்கூட வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுதான் குடிப்பாரு. என்னை எந்த வெளிச்சத்துல பாத்துக் கட்டிக்கிட்டாரோ!" என்பார் அவர் மனைவி.

எண்ணெயை வழித்தெடுத்த பிறகும் கழிவுநீரில் பீனால் போன்ற நஞ்சுகள் கரைந்தே கிடக்கும். ஓசோன் வாயு அவற்றை உடைத்துப் போடும். உடைந்ததை அடுத்த தொட்டியில் வளரும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். அளவோடு இருந்தால் ஓசோன் அவற்றுக்குச் சமையல்காரன். மிஞ்சிப்போய்த் தொட்டிவரை வந்துவிட்டால் எமன். இதை அவருக்குப் படம் போட்டுச் சொன்னேன், கணக்குப் போட்டுச் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். வேதிப் பொறியியல் படித்துவிட்டு ஒரு குமிழுக்குக் காவல் இருக்கிறேன்.

"பூச்சிங்களைக் கொல்லணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? தண்ணி மஞ்சளாப் போனா மனசு ஆற மாட்டேங்குது தம்பி."

"நிறமெல்லாம் கடைசி வடிகட்டியில போயிடும்ணே. இங்க முகம் கழுவி விட்டாப் போதும். நீங்க தோலையே உரிக்கிறீங்க."

போன மாதம் உரித்தே விட்டார். தொட்டி மொத்தமும் செத்து, நுரை கரை தாண்டி வழிந்தது. வேறோர் ஆலையிலிருந்து லாரியில் உயிருள்ள சேறு கொண்டுவந்து ஊற்றி, நட்ட நாற்று பச்சை பிடிப்பதுபோல் இப்போதுதான் தேறி வருகிறது. மேலாளர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை செத்துச்சுன்னா உங்களுக்கு இந்த அறையில வேலை இல்ல. எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போயிடுங்க." பெற்ற பிள்ளையைப் பிரித்ததுபோல் அண்ணன் நின்றார். குமிழுக்குப் பூட்டுப் போடுங்கள் என்றேன். "வாயு கசிஞ்சா சட்டுன்னு குறைக்க வேணாமா? படிச்சவருதானே நீங்க?" என்று மேலாளர் என்னைக் கடித்தார்.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். ஓசோன் தொட்டியின் சின்னக் கண்ணாடிச் சாளரம் வழியே எட்டிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"என்னங்க இது, இவ்வளவு செலவு பண்ணியும் மஞ்சளாத்தான் இருக்கு? யாரு இதைப் பாத்துக்கறது?"

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. குமிழோ கைக்கெட்டும் தூரத்தில். ஒரு திருகு திருகினால் அதிகாரி டீ குடித்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் பளிச்சென்று ஆகிவிடும், நல்ல பெயரும் கிடைத்துவிடும்.

"நான்தாங்க பாத்துக்கறேன்," என்றார் அண்ணன். "இங்க அது இப்படித்தாங்க இருக்கணும்."

நம்பாமல் அதிகாரி மறுபடியும் குனிந்து பார்த்தார். அண்ணனின் வலது கை மெல்ல எழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், அவருடைய இடது கை வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்தது. முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. அதிகாரி படியிறங்கிப் போகும்வரை விடவே இல்லை.